நம்மவன் தவறும்போது

தன் ஊரையும் குலத்தையும், தான் விரும்பிய குழுவையும் நேசிப்பது குற்றமா? குற்றமன்று. அந்நேசம் எவ்விடத்தில் பாவமாகத் திரிகிறது என்பதே நாம் ஆராயத்தக்கது.

1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு சங்கங்கள் கால்பந்து ஆடின. களத்தில் மூண்ட சச்சரவு பார்வையாளர் பகுதிக்குத் தாவியது. கைகலப்பிலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் மாண்டனர். விளையாட்டுக் காணச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை.

இங்கிலாந்து இந்நோயால் நெடுங்காலம் அல்லலுற்ற நாடு. 1985 மே 29-இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் இரசிகர்கள் எதிரணியினர் மீது பாய, நெரிசலில் சுவர் சரிந்து 39 பேர் உயிரிழந்தனர். ஆங்கில நாவல்களும் திரைப்படங்களும் இதனைப் பேசலாயின. 1989-இல் ஆலன் கிளார்க் இயக்கத்தில் பி.பி.சி. ஒளிபரப்பிய 'தி ஃபர்ம்' அவற்றுள் ஒன்று. அதன் நாயகன் வறியவன் அல்லன். வீடு, மனை விற்பனையில் நன்கு பொருளீட்டுபவன். மனைவியும் கைக்குழந்தையும் உடையவன். அவனது கத்தியாலேயே அக்குழந்தை வாயில் காயமுறுகிறது. அப்போதும் அவன் திருந்தவில்லை. இறுதியில் அவன் சுடப்பட்டு மடிய, தோழர்களோ அவனை வீரனாகப் போற்றுகின்றனர். வறுமையே வன்முறையின் தாய் என்போர்க்கு இஃதோர் மறுமொழி. கலைஞன் காட்டியது கண்ணாடி. ஆயினும் அதில் அழகு பார்த்துக்கொள்வோரும் உளர்.

திரைப்படத் தொழிலில் பேர்பெற்ற மாடர்ன் தியேட்டர்ஸ் விளங்கிய சேலத்தில் வாழும் நமக்கு இவ்வெறி அந்நியமன்று. இங்கே அது திரையரங்கு வாயிலில் நிற்கிறது. 2023 ஜனவரி 11-இல் இரு நடிகர்களின் படங்கள் ஒரே நாளில் வெளிவந்தபோது, சென்னையில் ஒரு சாராரின் பதாகையை மறுசாரார் கிழித்தனர். லாரி மீதேறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து உயிர் நீத்தார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தே, பனூ முஸ்தலிக் படைப்பயணத்தின்போது ஒரு முஹாஜிர் ஓர் அன்சாரியை உதைத்துவிட்டார். இருவரும் தத்தம் கூட்டத்தாரைக் கூவி அழைத்தனர். முஹாஜிர், அன்சார் என்பன திருமறை புகழ்ந்த பெயர்கள். எனினும் சண்டைக்கு ஆள் திரட்ட அவை பயன்பட்டதும், அக்கூவல் துர்நாற்றம் வீசுவது என்று பெருமானார் கடிந்தார்கள். பெயரின் தூய்மை செயலின் அழுக்கை மறைக்காது.

இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் அரசுகள் எழுவதற்கே அஸபிய்யத் எனும் குழுப்பற்றுக் காரணம் என்றார். ஆக, பற்று ஓர் ஆற்றல். ஹதீஸ் கண்டிக்கும் அஸபிய்யத்தோ, தன் கூட்டத்தார் அநீதி இழைக்கையில் அவர்க்குத் துணைநிற்பதாகும். எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது.

இக்கோட்டைக் கடப்பவர் பந்தாட்ட இரசிகர் மட்டுந்தாமா? பிறை பார்ப்பதிலும் ஜமாஅத் நிர்வாகத்திலும் நம் மஹல்லாக்கள் இரு அணியாகும்போது, தம் அணியினன் பொய்யுரைத்தாலும் வாய்மூடி நிற்போர் நம்மிடையே இல்லையா? அரங்கில் கல்லெறிபவனுக்கும் அவர்க்கும் அளவில்தான் வேற்றுமை.

அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுக என்றார்கள் பெருமானார். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவ்வுதவி என்றும் விளக்கினார்கள். பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். எதிரணியின் தவற்றைச் சுட்ட எவராலும் இயலும். நம்மவனின் ஓங்கிய கையை முதலில் பற்றுபவனே தன் கூட்டத்தை மெய்யாக நேசித்தவன்.