ஆறு பந்துகள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்கு ஊரில் இருப்புக் கொள்ளாது. தென்காசிக்கு ரயில் ஏறிவிடுவேன். தங்குவது தென்காசியில், அத்தான் வீட்டில். குளிப்பது குற்றாலத்தில். நடுவில் ஐந்து கிலோமீட்டர் தூரந்தான். காலையில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டால், தலை ஈரம் உலர்வதற்குள் இட்டிலிக்குத் திரும்பிவிடலாம்.

இந்த முறை ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும் வழியில் ஒரு பழக்காரரிடம் மங்குஸ்தான் வாங்கினேன். பேரம் பேசத் தெரியாதவன் நான். அது அவருக்குப் பிடித்துப் போயிற்றோ என்னவோ, எங்கே தங்கியிருக்கிறேன் என்று விசாரித்தார். தென்காசி என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்பம் நாளைக்குச் சாயந்தரம் மைதானத்துக்கு வாங்க அண்ணாச்சி. எம் மவன் பந்து போடுதான். பதினேழு வயசுதான். பய நல்லாச் சுத்துவான்."

போனேன். அது பந்தய ஆட்டமல்ல. போட்டிகள் தொடங்குவதற்கு முன்னால் தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடிப் பார்க்கிற பயிற்சி ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் இருந்தார்கள். ஸ்கோர் பலகை கிடையாது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். அவ்வப்போது சாரல் வரும். எல்லாரும் வேப்பமரத்தடிக்கு ஓடுவார்கள். சாரல் நின்றதும் ஆட்டம் தொடரும். இந்த ஆட்டம் எந்தக் கணக்கிலும் சேராது.

ஆனால் மதிற்சுவரின் மேல் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது கணக்கில் சேர்ந்த ஆட்டந்தான். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், என் அத்தான், நான். ஐந்து பேரில் மூன்று பேர் ஆயுளில் பந்தைத் தொட்டதில்லை. அந்த மூவரில் நானும் ஒருவன். ஐவரும் நிபுணர்கள்.

பழக்காரர் மகன் நாலாவது ஓவர் போட வந்தான். ஒல்லியான உடம்பு, கழன்று விழுகிற மாதிரி சட்டை. முதல் பந்தை அடித்தவன் வானத்தில் தூக்கிவிட்டான். அடியில் நின்ற பையன் கையில் வந்து விழுந்ததை நழுவவிட்டான். இரண்டு ரன். அடுத்த இரண்டு பந்துகளும் ஸிக்ஸர்கள். இரண்டாவது போய்ப் புளியமரத்துக்கு அப்பால் விழுந்தது, தேடி எடுக்க நேரமாயிற்று. நாலாவதில் ரன் இல்லை என்று நோட்டுப் பையன் சொன்னான். கடைசி இரண்டும் பவுண்டரி. ஆக இருபத்திரண்டு.

"கையிலே விஷயம் இல்லை" என்றார் தாலுகா ஆபீஸ்காரர். "உயரம் பத்தாது" என்றார் மெக்கானிக். கல்லூரி ஆசிரியர் ஏதோ ஆஸ்திரேலியர் ஒருவரோடு ஒப்பிட்டுப் பேசினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாவல் எழுதுகிறவன் அல்லவா, மனித மனம் எனக்குத் தெரியாதா? "கையெல்லாம் சரிதான். மனத்திடம் போதாது. மூன்றாவது பந்துக்குப் பிறகு தலை தொங்கிப்போயிற்று, பார்த்தீர்களா? இவன் தேறமாட்டான்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். சுவருக்குக் கீழே பழக்காரர் நின்றுகொண்டிருந்தார். கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். கையில் ஒரு பை. எனக்குத்தான் மங்குஸ்தான் கொண்டுவந்திருந்தார்.

"எப்படிப் போட்டான் அண்ணாச்சி?"

நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நல்லாப் போட்டான்" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். பையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடப் போனோம். அங்கும் அதே பேச்சுத்தான். எங்கள் விசாரணையைப் பக்கத்து மேஜையில் இருந்தவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து, சற்றுத் தயங்கி நின்றார். மாலையில் காப்டனாக நின்றவர் அவர்தான். எங்கோ பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறாராம்.

"சார், அவனை நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். அவன் தட்டையாக, வேகமாகப் போட்டால் எங்கள் பையன்கள் ஒருவனுக்கும் தொட வராது. ஆனால் அதையே போட்டுக்கொண்டிருந்தால் வளரமாட்டான். இன்றைக்கு முழுக்கத் தூக்கித்தான் போட வேண்டும், எத்தனை ஸிக்ஸர் போனாலும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மாற்றவில்லை, பார்த்தீர்களா?"

என் பரோட்டா ஆறிப்போய்விட்டது.

மனத்திடம் இல்லை என்று யாரைச் சொன்னேனோ, அவன் அடி மேல் அடி வாங்கியும் சொன்ன சொல் தவறாமல் போட்டிருக்கிறான். தலை தொங்கியது நிஜம். சட்டைப் பொத்தானைப் பார்த்தானோ, பந்தின் தையலைப் பார்த்தானோ! ஐம்பது கஜ தூரத்திலிருந்து தொங்கிய ஒரு தலையை வைத்து அவன் குணத்தையே எழுதி முடித்துவிட்டேன். கதாபாத்திரங்களிடம் செய்து பழகிய காரியம். அவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

பயிற்சி ஆட்டம் என்பதே விசித்திரமான விஷயம். தெரிந்ததைச் செய்து காட்ட அது ஏற்பட்டதல்ல, தெரியாததைச் செய்து பார்க்க ஏற்பட்டது. ஆடுகிறவனுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பது அவனுக்கும் கொடுத்தவருக்கும் தெரியும். வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது ரன் கணக்கு ஒன்றுதான். என் நாவலின் முதல் பிரதியை, அடித்தலும் திருத்தலுமாகக் கிடக்கும்போது, யாராவது எட்டிப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொன்னால் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சலுகையைப் பதினேழு வயதுப் பையனுக்கு நான் கொடுக்கவில்லை.

அத்தான் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு கையால் எறிந்து ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. குவார்ட்டர்பாக் என்ற ஒருவன் கையில் ஆட்டத்தின் குடுமி இருக்கிறது. செப்டம்பரில் போட்டிகள் ஆரம்பமாகுமுன் ஆகஸ்டில் கணக்கில் சேராத ஆட்டங்கள் நடக்கும். புதுப் பையன் ஒருவன் அதில் பத்துப் பந்து எறிந்தால் போதும், ஊரே அவனுடைய ஜாதகத்தைக் கணித்துவிடும் என்கிறான். மதிற்சுவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கின்றன போலும். சம்பளம் வாங்கிக்கொண்டு மதிப்புப் போடுகிறவர்களே அங்கே 2000-ஆம் ஆண்டில் 198 பேரைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் டாம் பிரேடியை எடுத்தார்கள். பிற்பாடு அவர் ஏழு முறை சாம்பியன் பட்டம் பெற்றார்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1989 டிசம்பர் 16-ஆம் தேதி பெஷாவரில் நடக்க இருந்த ஆட்டம் மழையால் கெட்டு, கூட்டத்துக்காக இருபது ஓவர் கண்காட்சி ஆட்டம் ஒன்று ஆடினார்கள். பதினாறு வயது டெண்டுல்கர் 18 பந்தில் 53 ரன் அடித்தார். அப்துல் காதரின் பந்துகள் பறந்தன. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்துக் குஜ்ரன்வாலாவில் அவருடைய முதல் ஒருநாள் ஆட்டம். இரண்டாவது பந்திலேயே பூஜ்யத்துக்கு வெளியேறினார். எது நிஜமான டெண்டுல்கர்? பதில் நமக்கு இன்று தெரியும் என்பதால் கேள்வி சுலபமாகத் தோன்றுகிறது. அன்று இரவு நம் மதிற்சுவர் என்ன சொல்லியிருக்கும்?

வருண் சக்கரவர்த்தி விஷயத்தில் நானே சாட்சி. கட்டடக் கலை படித்து, அந்த வேலையும் பார்த்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பி வந்த தமிழ்நாட்டுக்காரர். 2018-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் மதுரை அணிக்கு ஆடினார், அணி கோப்பையை வென்றது. அந்த டிசம்பரில் பஞ்சாப் அணி அவரை எட்டுக் கோடியே நாற்பது லட்சத்துக்கு ஏலம் எடுத்தது. 2019 மார்ச் 27 அன்று கல்கத்தாவில் ஐ.பி.எல்.லில் அவருடைய முதல் ஓவர். இருபத்தைந்து ரன். இதே அத்தான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டெலிவிஷனில் பார்த்தோம். "எட்டேகால் கோடியைத் தண்ணீரில் போட்டான்" என்றேன். கணக்கில்கூட எனக்குப் பிழை. அந்த வருஷம் அவருக்கு வேறு ஆட்டம் கிடைக்கவில்லை. மறு வருஷ ஆட்டங்களுக்கு, அவரை அடித்து நொறுக்கிய அதே கல்கத்தா அணி நாலு கோடிக்கு வாங்கிற்று. 2020 அக்டோபரில் டெல்லிக்கு எதிராக 20 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். சரி, தேறிவிட்டார் என்றோம். 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டத்தில் ஒரு விக்கெட்டும் இல்லை. உடனே தீர்ப்பு மாறியது. மூன்று வருஷம் இந்திய அணியில் இடமில்லை. ஊருக்குத் திரும்பி வராதே என்று அப்போது தமக்கு மிரட்டல் டெலிபோன்கள் வந்ததாக அவரே 2025-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே 2025 மார்ச் 2-ஆம் தேதி துபாயில் நியூஸிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை 42 ரன்னுக்கு வீழ்த்தினார்.

இப்படி வெற்றிக் கதைகளாகச் சொல்லிக்கொண்டு போவது சௌகரியமாக இருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு மோசடி உண்டு. அடி வாங்கிய பையன்களெல்லாம் வருண் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலோர் காணாமற்போகிறார்கள். பழக்காரர் மகனும் நாளைக்குப் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கடையில் உட்காரக்கூடும். அப்படி ஆனால் நான் சுவரின் மேல் சொன்னது சரியாகிவிடுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். நீதிபதி சாட்சியை விசாரிக்காமல் தூங்கிவிட்டு, விழித்ததும் 'குற்றவாளி' என்று சொல்கிறார். அவன் நிஜமாகவே குற்றவாளிதான் என்று பிறகு தெரிய வருகிறது. அதனால் அந்தத் தீர்ப்பு நியாயமான தீர்ப்பாகிவிடுமா? பழக்காரரிடம் "நல்லாப் போட்டான்" என்றேனே, அதுவும் அதே ஜாதி. ஐந்து நிமிஷத்துக்குள் அந்தப் பையனைப் பற்றி நேர் விரோதமான இரண்டு அபிப்பிராயங்கள் சொன்னேன். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே. அதாவது, ஆதாரம் இல்லை.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? குற்றாலத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது பாவம். ரசிகமணி டி. கே. சி. வாழ்ந்த ஊர் இது. 1954-இல் காலமாகும்வரை, பாட்டை அனுபவிப்பது எப்படி என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். ஒரு பாட்டை எடுத்தால் லேசில் கீழே வைக்கமாட்டார் என்பார்கள். ரசிகர் என்ற சொல்லுக்கு அவரைவிடப் பெரிய உதாரணம் நமக்குக் கிடையாது. அவரும் தீர்ப்புச் சொன்னவர்தான். கம்பராமாயணத்தில் எத்தனையோ பாடல்களை 'இது கம்பன் வாக்கல்ல' என்று தம் காதை நம்பி ஒதுக்கினார். பண்டிதர்களுக்குக் கோபமான கோபம்! அவர் செய்தது சரியென்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். ஒதுக்குவதற்கு முன்னால் அந்தப் பாடல்களோடு அவர் ஆயுளையே கழித்திருந்தார். தவிர, கம்பனுக்கு இனி யாராலும் ஆகப்போகிற நஷ்டம் எதுவுமில்லை. அந்தப் பையனுக்கு அப்படி அல்ல.

மறுநாள் விடியற்காலையில் தென்காசிக் கோயிலுக்குப் போனேன். அந்தக் கோபுர வாசல் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நுழையும்போது எதிரே வந்து தடுக்கும். பாதி கடந்ததும் பின்னாலிருந்து உள்ளே தள்ளும். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் வெட்டி வைத்த பாட்டு ஒன்று உண்டு. இந்த ஆலயத்துக்கு ஒரு குற்றம் வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் உலகறிய அவர்களைப் பணிகிறேன் என்கிறான் அரசன். அவன் பயந்தது வீண் பயமல்ல. கோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990-இல்தான் மறுபடி முழு உருவம் பெற்றது. குற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களை அவன் பணியவில்லை என்பது அன்றுதான் என் புத்தியில் உறைத்தது. இருபத்திரண்டு ரன் போனதை நாங்கள் ஐந்து பேரும் கண்டுபிடித்தோம். அந்த வாத்தியாருக்கும் அது தெரியும். அவர்தான் அதைப் போகவிட்டார்.

அங்கிருந்து நேரே ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன். பழக்காரர் இல்லை. பையன்தான் கடையில் இருந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. "நேத்துச் சொவர்மேல இருந்தியள்லா?" என்று கேட்டான். எனக்குப் பகீரென்றது. ஆனால் அவன் மனசில் இருந்தது வேறு.

"நாலாவது பந்து பாத்தியளா, அண்ணாச்சி?"

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. புளியமரத்துக்கு அப்பாலிருந்து பந்து திரும்பி வர நேரமாயிற்று என்றேனே, அந்த இடைவெளியில் தொடங்கிய எங்கள் பேச்சு பந்து வந்த பிறகும் ஓயவில்லை. உயரத்தைப் பற்றியோ கையைப் பற்றியோ. மைதானத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"இல்லை தம்பி. பேசிக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடையிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்தான். காம்பு உள்ளங்கையில் படாதபடி விரல்களை அகட்டிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, பலகையின் மேல் மெதுவாக எறிந்தான். வெளியே போவதுபோல விழுந்து, சட்டென்று என் பக்கம் திரும்பி உருண்டு வந்தது.