நெருக்கடி நேரத்தில் செல்வந்தரின் கடமை: பிறர் தர்மத்தை எண்ணும் கைகள்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

2020-ல் கொரோனா வந்தபோது உலகமெங்கும் ஒரு கேள்வி எழுந்தது. கோடிகளில் சம்பாதிக்கும் விளையாட்டு வீரர்கள் இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டாமா?

இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் ஏப்ரல் 2 அன்று, கால்பந்து வீரர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஏப்ரல் 8 அன்று பிரீமியர் லீக் வீரர்கள் ஒன்றுசேர்ந்து, மருத்துவப் பணியாளர்களுக்கு உதவ ஒரு நிதியை அறிவித்தார்கள். நம் நாட்டில் கிரிக்கெட் வீரர்களைப் பார்த்து இதே கேள்வி கேட்கப்பட்டது.

இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது?

அதிகம் கொடுக்க வேண்டுமா?

ஆம், சந்தேகமே இல்லை. ஜகாத் 2.5 சதவீதம். ஓராண்டு முழுவதும் 10 லட்சம் ரூபாய் சேமிப்பு உள்ளவர் 25,000 கொடுக்கிறார். 10 கோடி உள்ளவர் 25 லட்சம் கொடுக்கிறார். சதவீதம் ஒன்றுதான். ஆனால் முதலாமவரிடம் மீதி இருப்பது 9,75,000. அதில் மகளின் திருமணமும் தாயின் மருத்துவமும் நடக்க வேண்டும். இரண்டாமவரிடம் மீதி இருப்பது 9 கோடியே 75 லட்சம். ஜகாத் என்பது கடமையின் தொடக்கம். தேவைக்கு மேல் எஞ்சியதிலிருந்து செலவிடுமாறு குர்ஆன் வழிகாட்டுகிறது. எஞ்சியது யாரிடம் அதிகமோ, அவரிடம் எதிர்பார்ப்பும் அதிகம்.

பஞ்ச காலத்தில் அஷ்அரீ கோத்திரத்தார் தங்களிடம் உள்ள உணவையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து, சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்களை நபி (ஸல்) அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றே பாராட்டினார்கள். ஓர் ஊரின் ஏழைகளைத் தாங்குவது அவ்வூர்ச் செல்வந்தர்களின் கடமை, ஜகாத் போதாவிட்டால் ஆட்சியாளர் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே கேட்பது தவறல்ல. சட்டப்படி வரியாக வாங்குவதும் தவறல்ல. தவறு வேறோர் இடத்தில் நுழைகிறது.

கொடுத்தவரைக் கேலி செய்வது

ஸதகா செய்யுமாறு கட்டளை வந்தபோது, அபூ அகீல் (ரலி) என்ற ஏழைத் தோழர் அரை ஸாஉ அளவு கொண்டுவந்தார். இன்னொருவர் அதைவிட நிறையக் கொண்டுவந்தார். முனாஃபிக்குகள் இருவரையும் விடவில்லை. இந்தச் சிறு தர்மம் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று ஏழையை ஏளனம் செய்தார்கள். மற்றவர் பிறர் பார்க்கவே கொடுத்தார் என்றார்கள். இவர்களைக் கண்டித்து அத்தவ்பா அத்தியாயத்தின் 79-வது வசனம் இறங்கியது.

இன்று நாம் என்ன செய்கிறோம்? புனேயில் தினக்கூலிக் குடும்பங்களுக்காகத் திரட்டிய நிதிக்கு தோனி 1 லட்சம் கொடுத்தார் என்று 2020-ல் செய்தி வந்தது. உடனே அவருடைய சொத்து மதிப்பைப் பக்கத்தில் எழுதிச் சிரித்தார்கள். இர்ஃபான், யூசுஃப் பதான் சகோதரர்கள் முதலில் வதோதராவில் 4,000 முகக்கவசங்கள் கொடுத்தார்கள். சில நாட்களில் 10,000 கிலோ அரிசியும் 700 கிலோ உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். முகக்கவசத்தோடு கணக்கை மூடியவருக்கு அரிசி தெரிந்திருக்காது.

நமக்குத் தெரிவது ஒரு நாள் செய்தி. மறைவான தர்மத்தைச் சிறப்பித்துச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, வெளியே தெரிந்ததை வைத்து மட்டும் ஒருவரை எப்படி எடை போடுவது?

செனகல் நாட்டின் கால்பந்து வீரர் சாதியோ மானே சிறுவனாக இருந்தபோது, மருத்துவமனையே இல்லாத பம்பாலி கிராமத்தில் அவருடைய தந்தை நோயுற்றார்; பின்னர் இறந்துபோனார். 2021-ல் அதே கிராமத்தில் மானேயின் பணத்தில் மருத்துவமனை திறக்கப்பட்டது. யாரும் திட்டி வாங்கிய பணம் அல்ல அது. தன் ஊரின் குறை என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரின் கணக்கு

அன்பானவர்களே! 2024 டிசம்பர் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகியது. அரசூர் அருகே வெள்ளம் சாலையில் ஏறி, சென்னை–திருச்சி போக்குவரத்து நின்றது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டக் குடும்ப அட்டைகளுக்கு அரசு 2,000 ரூபாய் அறிவித்தது. மண்சுவர் விழுந்தவனுக்கு 2,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்?

கல்வராயன் மலையில் கூலிக்குப் போகிறவரின் கண்ணில், உளுந்தூர்பேட்டைக் கடைவீதியில் மாடிக் கட்டடம் வைத்திருப்பவர்தான் கோடீஸ்வர வீரர். மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் வீடும் அப்படித்தான். மானேயிடம் நாம் கேட்கும் அதே கேள்வியை அவர் நம்மிடம் கேட்கலாம்: தேவைக்கு மேல் உன்னிடம் எஞ்சியது எவ்வளவு?

செல்வத்தை எப்படிச் சம்பாதித்தோம், எதில் செலவழித்தோம் என்று மறுமையில் ஒவ்வொருவரும் தனித்தனியே விசாரிக்கப்படுவோம். அங்கே தோனியின் கணக்கு நம் கையில் தரப்படாது.

எனவே இன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த மழைக்கு முன், உங்கள் தெருவில் ஓடு ஒழுகும் ஒரு வீட்டைப் பாருங்கள். அந்த வீட்டாரின் மதத்தைக் கேட்காதீர்கள். மஹல்லாவின் பைத்துல்மால் மூலமோ நேரடியாகவோ அதைச் சரிசெய்து கொடுங்கள். கொடுத்ததை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கொடுப்பவர்களைக் கேலி செய்யாத நாவையும், தேவைக்கு மேல் பிடித்துவைக்காத கையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.