வெளியில் ஒருத்தர் நிற்க வேண்டும்

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு பிள்ளையின் புத்தகப்பைக்குள் ஓர் அனுமதிப் படிவம் வந்து கிடக்கும். ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நடுக்குளிரில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு காட்டு முகாமுக்குக் கூட்டிப்போகிற வழக்கம் உண்டு. காலில் ஸ்னோஷூ கட்டிக்கொண்டு நடப்பது, மிருகங்களின் காலடித் தடம் பார்ப்பது, பனியைக் குவித்துக் குடைந்து வீடு கட்டுவது, இரவில் கட்டடத்துக்குள் படுக்கை. படிவத்தின் கீழே கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல். கம்பளிக் காலுறை இரண்டு சோடி, விரல் பிரியாத கையுறை, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். பருத்தியை நம்பி வளர்ந்த சனமாகிய எங்கள் வீடுகளில், சண்டை தொடங்க அந்தப் பட்டியலே போதும்.

என் மகளுக்குப் படிவம் வந்தபோது அம்மா கேட்டா: “வீடு வாசல் இருக்கேக்கை பிள்ளையை ஏன் காட்டுக்கை கொண்டுபோய் விறைக்க விடுறியள்? நாங்கள் பட்டது காணாதே?”

இலேசாகத் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, கொட்டுகிற மழைக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பக்கம் நகர்ந்தவ அம்மா. கூரை இல்லாத இரவு என்றால் என்னவென்று அவவுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவவிடம், காசு கட்டிப் பிள்ளையைக் குளிருக்குள் அனுப்புகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இந்த நாட்டில் இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம் ஒன்றிருக்கிறது: கஷ்டம் ஆளை உருவாக்கும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள் சில இதை ஒரு வேதமாகவே எடுத்துக்கொண்டன. குளிர்ந்த நீரும் சேற்று மைதானமும் உடம்பை மட்டுமல்ல, ஒழுக்கத்தையும் முறுக்கேற்றும் என்று நம்பினார்கள். 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் கேர்ட் ஹான் தொடங்கிவைத்த அவுட்வேர்ட் பவுண்ட் பள்ளியும், இளம் மாலுமிகள் கடலில் தாக்குப்பிடிக்கப் பழக வேண்டும் என்ற கவலையில்தான் பிறந்தது. ஹான் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குளிரும் பசியும் ஆளைத் திருத்தும் என்றால், 1995க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லோரும் ஞானிகளாகியிருக்க வேண்டும். அப்படி யாரும் ஆனதாக எனக்குத் தெரியவில்லை. சிலர் இளகினார்கள், சிலர் இறுகினார்கள், பலர் அப்படியே இருந்தார்கள்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் மடு மாதா கோவிலே போதும். ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், காட்டுக்குள் கொட்டில் போட்டு, மரத்தடியில் சமைத்து, பாயில் படுத்தெழும்பி வந்த சனம் நாங்கள். நுளம்புக்கடியைக்கூட நேர்த்தியின் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். பின்னாளில் அதே காட்டில், அதே மரங்களின் கீழ், சனம் அகதியாகக் கிடந்தது. மண் ஒன்றுதான், நுளம்பும் ஒன்றுதான். முதலில் சொன்னது வழிபாடு, மற்றது வதை. விபூதிப் புதனன்று ஒருசந்தி இருக்கிறவனுக்கும் உலையில் போட அரிசி இல்லாதவனுக்கும் வயிறு ஒரே மாதிரித்தான் காயும். அதற்காக இரண்டையும் ஒன்றென்று எந்தக் குருவானவரும் சொல்ல மாட்டார். ஆகவே, தேடிப்போகிற கஷ்டம் தேடிவரப்போகிற கஷ்டத்துக்கு ஒத்திகை என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன். அப்படியானால் அந்த முகாம் எதற்கு?

துணைக்குப் போகிற பெற்றோரில் ஒருத்தனாக நானும் போனேன். இப்படிப்பட்ட முகாம்கள் சில இங்கே உருவானதே ஒரு புயலால்தான். 1954 ஒக்ரோபரில் ஹேசல் புயலும் அதன் வெள்ளமும் ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றன. அதன் பிறகு ஆற்றோர நிலங்களில் வீடு கட்ட விடாமல் வாங்கிக் காடாகக் காக்கத் தொடங்கினார்கள். 1957இல் ரொறன்ரோப் பகுதிக்கென்று அதற்கொரு அதிகாரசபையும் வந்தது. அதன் காடுகளில் பள்ளிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற நிலையங்களும் எழும்பின. வெள்ளம் பார்த்த சனம் எடுத்த நல்ல முடிவு.

முகாமில் பிள்ளைகள் கட்டுகிற பனிவீட்டுக்கு இங்கே குவின்சி என்று பெயர்; இந்த மண்ணின் ஆதிக்குடிகளிடமிருந்து வந்த முறை. ஆள் உயரத்துக்குப் பனியை மண்வெட்டியால் அள்ளிக் குவிப்பார்கள். உடனே குடைந்தால் பொலபொலவென்று விழும். ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பிறகு முப்பது சென்ரிமீற்றர் நீளத்தில் குச்சிகளை ஒடித்து, குவியலைச் சுற்றி வெளியிலிருந்து உள்நோக்கிக் குத்துவார்கள். உள்ளே குடைகிற பிள்ளைக்குக் குச்சியின் முனை தென்பட்டதும் கை நிற்க வேண்டும். சுவரின் தடிப்பு அவ்வளவுதான். கூரையில் மூச்சுக்கு ஒரு துளை. வெளியே மைனஸ் 20 என்றாலும், ஆட்கள் இருந்தால் உள்ளே பூச்சியத்தை ஒட்டி நிற்கும். பனிக்குள் அடைபட்ட காற்று சூட்டை வெளியே விடாது.

தவழ்ந்து நுழைகிற அந்த வாசலைக் கண்டதும் எனக்கு ஊரில் குண்டுவீச்சுக்குப் பதுங்க எங்கள் வீட்டுப் பின்வளவில் வெட்டிய பங்கர்தான் ஞாபகம் வந்தது. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, மாரி வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற பங்கர். உள்ளே கால் வைக்க முதல் பாம்பு கிடக்கிறதா என்று தடியால் தட்டிப் பார்ப்போம். என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது, உண்மை. ஆனால் முகாம் ஆசிரியை ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா: உள்ளே ஒருத்தர் குடைந்தால் வெளியே ஒருத்தர் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். கூரை இடிந்து விழுந்தால் இழுத்தெடுப்பதற்கு. காவல் நிற்பவர் கதைக்கலாம், பாடலாம், கால் விறைத்தால் துள்ளலாம். அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. என் மகள் நின்றாள். வீட்டில் ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்க ஆயிரம் தரம் சொல்ல வேண்டிய பிள்ளை, குவின்சிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த சிநேகிதியின் இரண்டு பூற்ஸையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொன்றும் பழக்கினார்கள். குளிர்க்கடி முதலில் மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைத் திட்டாகத் தொடங்கும். தொடங்கியபின் அந்த இடத்தில் நோவு தெரியாது. தன் முகத்தைத் தானே பார்க்கவும் ஏலாது. அதனால் சோடி சோடியாகப் பிரித்துவிட்டு, சற்றைக்கொரு தரம் நின்று ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கச் சொன்னார்கள். திட்டுக் கண்டால் தேய்க்கக்கூடாது. கையுறையைக் கழற்றி வெறும் உள்ளங்கையை ஒற்றிப் பிடிக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பெடியள் சிரித்துச் சிரித்துத்தான் செய்தார்கள். ஆனால் செய்தார்கள். இரவுச் செபத்தில் அயலவரை நேசிப்பதைப் பற்றி ஆசிரியர் ஏதோ சொன்னார்; அந்தப் பிரசங்கம் பகலே முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். குளிர் பிள்ளையை உறுதியாக்குகிறதோ இல்லையோ, ஒருத்தர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாத ஒரு நிலையை உண்டாக்கிக் கொடுக்கிறது. சூடேற்றிய வகுப்பறையில் அதைச் செயற்கையாகத்தான் செய்யலாம். மிச்சமெல்லாம் மேலதிகம், பன்னிரண்டு கிராம்கூடத் தேறாத சிக்கடீக் குருவி உள்ளங்கையில் வந்திருந்து சூரியகாந்தி விதை கொத்திக்கொண்டு போனதும் அதில் அடக்கம். மகளைக் கேட்டால் அதுதான் முதலாவது என்பாள்.

அம்மாவிடம் பங்கருக்கும் குவின்சிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிப் பார்த்தேன். “எங்களுக்கும் வெளியில ஆராவது காவல் நிண்டிருந்தால் பங்கரே வெட்டியிருக்கத் தேவையில்லை” என்றா. சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, மறுத்ததாகவும் இல்லை.

இந்த வருசம் தம்பியின் மகனுக்குப் படிவம் வந்திருக்கிறது. தம்பி காசுக்கு யோசிக்கிறான். யோசிப்பதாகச் சொல்வது காசைத்தான், பயத்தை அல்ல. பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுக் கேட்டால் கட்டணத்துக்கு ஏதாவது வழி பார்ப்பார்கள், ஸ்னோ பாண்ட்ஸ் இரவலாகவும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். கம்பளிக் காலுறை மகளுடையது இருக்கிறது, அவனுக்கு அளவாகத்தான் இருக்கும்.