விளையாட்டில் செய்த தர்மம்

சென்ற மாதம் ஞானோபதேச வகுப்பு முடிந்து வாலிபர்கள் கலைந்துபோகையில், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் பின்தங்கி நின்று ஒரு சந்தேகம் கேட்டான்: "சாமி, விளையாட்டிலே ஒரு நன்மை செய்தால் அது புண்ணியமாகுமா?" எந்த விளையாட்டு என்று கேட்டேன். கணிப்பொறியில் ஆடும் 'ஹெல்டைவர்ஸ் 2' என்றான். பெயரிலேயே நரகம் இருக்கிறதே என்று முகம் சுளித்தேன். ஆனால் விஷயத்தை முழுதும் கேட்டபின், சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வி அல்ல இது என்று தோன்றிற்று. நம் பிள்ளைகள் எதில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நலமாகையால் இங்கே எழுதுகிறேன்.

இவ்விளையாட்டை உண்டாக்கியவர்கள் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள ஆரோஹெட் என்னும் கம்பெனியார். ஏறக்குறைய 8 வருஷம் உழைத்தார்கள். சோனி கம்பெனி இதை 2024 பிப்ரவரி 8-ந் தேதி வெளியிட்டது. நால்வர் நால்வராய்ச் சேர்ந்து வேற்றுக் கிரகங்களில் இறங்கி, ராட்சதப் பூச்சிகளையும் இயந்திர மனிதரையும் சுட்டு வீழ்த்துவதே ஆட்டம். குறி தவறினால் தன் கூட்டாளியே மடிவான்.

இத்தனை கூட்டம் வரும் என்று செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை. ஒரே சமயத்தில் 4,50,000 பேருக்கு மேல் உள்ளே விட முடியாதென்று வாசலை அடைத்தார்கள். சில நாளில் அதை 7,00,000 ஆக்கினார்கள். அப்படியும் ஜனங்கள் வெளியே காத்து நின்றார்கள். பிடித்த இடம் போய்விடுமே என்று சிலர் ஆட்டத்தை அணைக்காமலே தூங்கப் போனார்களாம். நம்மூர்ப் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல! அச்சமயம் கம்பெனியின் தலைவராயிருந்த யோஹான் பிலெஸ்டெட், கையில் பணமில்லாதவர்கள் இடவசதி பெருகும்வரை பொறுத்து வாங்குவதே நல்லது என்று பகிரங்கமாய்ச் சொன்னார். கூட்டம் அலைமோதும்போது இப்படிச் சொல்கிற வியாபாரி அபூர்வம். 12 வாரத்துக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றன.

கதை ஒரு பரிகாசக் கதை. 'சூப்பர் எர்த்' என்னும் ஆட்சி, ஜனநாயகம், சுதந்திரம் என்று ஓயாமல் கோஷமிட்டுக்கொண்டு தன் வாலிபரைச் சாவுக்கு அனுப்புகிறது. எதற்காக இந்த யுத்தம் என்று எவரும் கேட்கக் கூடாது. பூச்சிகளின் உடலிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்பது மெல்லத்தான் தெரியவரும். ஆடுகிறவர்களுக்கும் இந்தக் கேலி புரிகிறது. புரிந்தும் கோஷம் போட்டுக்கொண்டே சுடுகிறார்கள்.

தம்பியின் சந்தேகத்துக்கு இனி வருவோம். இவ்விளையாட்டில் ஒவ்வொருவனும் முடிக்கிற சிறு காரியமும் ஒரு பொதுக்கணக்கில் சேரும். லட்சக்கணக்கானோர் முயற்சி ஒன்றுகூடி ஒரு கிரகம் விடுதலை பெறும். அடுத்து எங்கே போர் என்பதைக் கம்பெனியார் அவ்வப்போது கட்டளையாய் அறிவிப்பார்கள். 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்த கட்டளையில் இரண்டு வழிகள் இருந்தன. 'மார்ஃபார்க்' கிரகத்தை முதலில் மீட்டால், டாங்கிகளைத் தகர்க்கும் கண்ணிவெடி எல்லாருக்கும் கிடைக்கும். 'வெர்னன் வெல்ஸ்' கிரகத்தை முதலில் மீட்டால், அங்கே ஆஸ்பத்திரியில் சிக்கிக் கிடக்கும் வியாதிக்காரக் குழந்தைகள் பிழைப்பார்கள். ஆனால் ஆயுதம் கிடைக்காது. ஒருவர் முகம் ஒருவர் அறியாத அந்தப் பெருங்கூட்டம் குழந்தைகளிடமே போயிற்று. கம்பெனியார் இதைக் கண்டு, 'சேவ் த சில்ட்ரன்' என்னும் தர்ம ஸ்தாபனத்துக்கு 4,311 டாலர் மெய்யாகவே கொடுத்தார்கள்.

அந்தக் குழந்தைகளோ திரையில்கூடத் தோன்றவில்லை. வெறும் எழுத்தில் இருந்தவர்கள். அவர்களைக் காப்பாற்றியது புண்ணியமா?

விளையாட்டே ஆகாதென்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்வினாஸ், அளவோடு விளையாடுவதும் ஒரு புண்ணியமே என்று எழுதி, அர்ச். அருளப்பரைப் பற்றிய கதையொன்றையும் எடுத்துக் காட்டுகிறார். அவர் தம் சீஷரோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறலடைந்தபோது, வில்லை எந்நேரமும் வளைத்தே வைத்தால் ஒடியும் அல்லவா என்று காட்டினாராம். விளையாட்டு முறைகேடானதாகவோ பிறருக்குத் தீங்கானதாகவோ இருக்கலாகாது, மனம் நிலை தவறலாகாது, ஆளுக்கும் வேளைக்கும் இடத்துக்கும் பொருந்தவேண்டும் என்பது அவர் வைக்கும் வேலி.

ஆனால் அர்ச். அகுஸ்தினார் இத்தனை சுலபமாய் விடமாட்டார். கதையிலே வரும் தீதோ ராணியின் சாவுக்காகச் சிறுவயதில் அழுத தாம், தம் ஆத்துமம் சாவதற்காக அழவில்லையே என்று தம்மையே கடிந்துகொள்கிறார். நாடகம் பார்க்கிறவன் துயரப்பட அழைக்கப்படுகிறானேயன்றி உதவி செய்ய அழைக்கப்படுவதில்லை என்றும் கூறுகிறார். அவர் நண்பர் அலிபியுஸ் ரோமாபுரியில் வாள்வீரர் சண்டைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, கண்ணை மூடியே இருந்து, கூச்சல் கேட்டு ஒருகணம் திறந்தார். அந்தக் கணமே இரத்தவெறி பற்றிக்கொண்டது. அங்கே சிந்தியது மெய்யான இரத்தம், இங்கே படம் என்பது உண்மைதான். ஆயினும் நம் வீட்டுத் திண்ணையில் போனும் கையுமாய் உட்கார்ந்து "செத்தான், செத்தான்" என்று கூவும் சிறுவனைக் காணும்போது எனக்கு அலிபியுஸ் நினைவுதான் வருகிறது.

தராசு ஒன்றாய் இருக்கவேண்டும். திரையிலே ஆயிரம் பேரைச் சுட்ட பையனைக் கொலைகாரன் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எந்தக் குருவும் சொல்லமாட்டார். அவன் ஒருவரையும் கொல்ல மனதாரச் சம்மதிக்கவில்லை. அப்படியானால் திரையிலே ஆயிரம் குழந்தைகளைக் காத்தவனையும் தர்மவான் என்று சொல்வதற்கில்லை. கொலையைத் தள்ளுபடி செய்துவிட்டுத் தர்மத்தை மட்டும் வரவு வைப்பது கள்ளக் கணக்கு.

ஆனால் மாயமான ஆட்டத்திலும் மாயமல்லாத சில உண்டு. ஆடுகிறவனுடைய நேரம் மெய். கோபம் மெய், பொறுமையும் மெய். கூடவே ஆடும் மூவரும், எந்தத் தேசத்தாராயினும், மெய்யான மனிதர், அவனுடைய அயலார். அவர்களை வாய்க்கு வந்தபடி வைதால், பாவம் திரையோடு நின்றுவிடாது. அவ்விதமே, ஒருவன் மெய்யாகவே ஆசைப்பட்ட பரிசைக் கைவிட்டிருந்தால் அந்தக் கைவிடுதலும் மெய்தான். சிறியதுதான்; ஆனாலும் இரக்கத்தின் பக்கம் சாயப் பழகிய மனம், வேளை வரும்போது அங்கேயே சாயக்கூடும். 'கூடும்' என்றுதான் சொல்கிறேன். நன்மை செய்துவிட்டோம் என்ற திருப்தியை ஆசனத்தில் இருந்தபடியே பெற்றவனுக்கு, எழுந்து செய்யவேண்டிய நன்மை பாரமாய்த் தோன்றவும் கூடும். அந்த 4,311 டாலரும் கம்பெனியின் பெட்டியிலிருந்து போனதேயன்றி, ஆடினவர்களின் பையிலிருந்து அல்ல.

மறு ஞாயிறு பூசைக்குப் பின் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "அந்தக் கண்ணிவெடி உனக்கு வேண்டியிருந்ததா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். "அவ்வளவாய் இல்லை, சாமி. அதற்கு முன்னாலும் வேறொரு ஆயுதத்துக்காக அதை எல்லாரும் விட்டுவிட்டோம். கேலிப்பேச்சாகவே போய்விட்டது."

"சரி, யோக்கியமாய்ச் சொன்னாய். நீ ஆடிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டு, கடைக்குப் போய் வா என்றால்?"

அவன் முகம் மாறிற்று. "நடுவிலே எழுந்தால் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்களே, சாமி. அதுவும் துரோகம்தானே?"

உடனே பதில் வரவில்லை எனக்கு. அம்மா எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஆரம்பிக்கும்போதே அந்த மூவருக்கும் சொல்லி வை, என்றேன். "அப்படிச் சொன்னால் யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்" என்றான். "சொல்லித்தான் பாரேன்" என்று அனுப்பினேன். தலையைச் சொறிந்துகொண்டே சைக்கிளை எடுத்தான். வருகிற ஞாயிறு விசாரிக்கவேண்டும்.