உப்பும் சர்க்கரையும்

சீடன்: ஐயா, நீங்கள் சொன்னபடி நாற்பது நாள் எழுதிவிட்டேன். இரவு படுக்கும் முன் அன்றைய நன்மைகள் மூன்று. முதல் வாரம் மனம் லேசாக இருந்தது உண்மை. இப்போது கைதான் எழுதுகிறது. மனம் எங்கோ இருக்கிறது.

குரு: நோட்டைக் கொடு, பார்க்கலாம். "நல்ல வீடு. உடல்நலம். காலையில் காபி." மறுநாளும் காபி. அதற்கு மறுநாள்?

சீடன்: மழை. பிறகு மறுபடியும் காபி.

குரு: காபி நல்லதுதான். ஆனால் நாற்பது நாளில் நூற்றிருபது வரி எழுதியிருக்கிறாய், ஓர் ஆள்கூட இல்லையே. குடிபோகும்போது எழுதும் சாமான் பட்டியல் போல இருக்கிறது.

சீடன்: கிடைத்ததைத்தானே எழுதச் சொன்னீர்கள்?

குரு: பாதிதான் சொன்னேன், பிழை என்னுடையது. 2005-இல் மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வாரம் மட்டும் இரவுதோறும் மூன்று நல்ல நிகழ்ச்சிகளை எழுத வேண்டும். எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது, சோர்வு குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இது ஏன் நடந்தது' என்று எழுதினார்கள். உன்னிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சீடன்: ஏன் என்று எழுதினால் மட்டும் என்ன மாறிவிடும்?

குரு: வள்ளுவர் பதினோராம் அதிகாரத்துக்கு என்ன பெயர் வைத்தார்?

சீடன்: செய்ந்நன்றி அறிதல்.

குரு: 'சொல்லுதல்' என்று வைக்கவில்லை பார். அறிதல் என்றார். அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. நாம் வாயால் சொல்லிவிட்டு நகரும் 'நன்றி' அல்ல. அந்த நன்மையை அறிய வேண்டும். நம்மிடம் எதுவும் பெறாதவர் செய்தாரா, எந்த நேரத்தில் செய்தார், லாபம் பார்த்துச் செய்தாரா. அதிகாரத்தின் முதல் மூன்று குறளும் இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

சீடன்: நான் மகிழ்ச்சிக்காகத்தான் இதைத் தொடங்கினேன், ஐயா. அம்மா போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இருப்பதை எண்ணிப் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எண்ண உட்கார்ந்தால் இல்லாத அம்மாதான் முதலில் வருகிறாள்.

குரு: வரட்டும். அவளை மறக்க வேண்டி எண்ணாதே. அவளையே எழுது. சின்ன வயதில் சாகக் கிடந்தேன் என்று ஒருமுறை சொன்னாயே?

சீடன்: ஐந்து வயதில். வாந்தியும் பேதியும். கண் உள்ளே போய்விட்டதாம். இரவில் பஸ் கிடையாது. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை அம்மா விடிய விடியக் கரண்டியால் புகட்டியிருக்கிறாள்.

குரு: அந்தத் தண்ணீர் அவளுக்கு எப்படித் தெரியும்?

சீடன்: ஊருக்கு வரும் நர்சம்மா சொல்லிக் கொடுத்திருப்பார்.

குரு: நர்சம்மாவுக்கு? 1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்த அகதிகளிடையே காலரா. பன்காவ்ன் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பையும் குளுக்கோசையும் சமையல் சோடாவையும் அளந்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். இந்தக் கரைசல் ஆய்வாளர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். படிக்காதவர்கள் கையில் அதை நம்பிக் கொடுக்கலாமா என்றுதான் பலருக்கும் சந்தேகம். அவருக்கு வேறு வழியில்லை. நோயாளியின் தாயிடமும் அண்ணனிடமும் குவளையைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. உன் அம்மா கைக்குக் கரண்டி வந்த வழியில் அந்தத் தாய்மாரும் இருக்கிறார்கள்.

சீடன்: அவர் பெயரையே இப்போதுதான் கேட்கிறேன்.

குரு: 2022-இல் மறைந்தார். பத்ம விபூஷண் 2023-இல், அவர் போன பிறகு வந்தது. எனக்கு அதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

சீடன்: ஐயா, ஒரு பயமும் இருக்கிறது. நன்றியைச் சொல்லியே ஆளை அடிமையாக்குகிறார்களே. 'என் உப்பைத் தின்றவன்' என்று சொல்லிச் சொல்லியே பண்ணையார் என் தாத்தாவைக் கடைசிவரை வாய் திறக்க விடவில்லை. கர்ணனைக் கெடுத்ததும் செஞ்சோற்றுக் கடன்தானே?

குரு: பதினோராம் அதிகாரத்துக்கு அடுத்தது எது?

சீடன்: நடுவு நிலைமை.

குரு: அதை வள்ளுவர் ஏன் அங்கே வைத்தார் என்பதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் சொல்கிறார். உதவியவரின் உதவியை நினைத்தால் நடுவுநிலை குலையும். அந்த இடத்திலும் குலையலாகாது என்பதற்காகவே இது பின்னால் வந்தது என்கிறார். கர்ணன் பெற்றதை அறிந்தவன், அது பெரிய குணம். தன் உயிரைக் கொடுத்து அடைத்தான், அந்த உயிர் அவனுடையது. சபையில் பாஞ்சாலியின் மானத்தைக் கொண்டும் அடைக்கப் பார்த்தானே, அது யாருடையது? உன் தாத்தாவின் கதையில் கணக்கே தலைகீழ். நாற்று நட்டதும் அறுத்ததும் அவர். பண்ணையார்தான் உன் தாத்தாவின் உப்பைத் தின்றார்.

சீடன்: தாத்தா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

குரு: இன்று அவரை எழுது. அவர் ஒருவரே போதும், மூன்று வேண்டாம். என்ன செய்தார், அதற்கு அவருக்கு என்ன செலவானது என்று தெரியும் மட்டும் அவரோடேயே இரு. ஒன்றுமே வராத நாளில் நோட்டை மூடிவிட்டுத் தூங்கு.

சீடன்: அதனால் மகிழ்ச்சி வருமா, ஐயா?

குரு: எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் மனைவி போனபின் இரண்டு வருஷம் நான் தனி ஆள் என்றே நினைத்தேன். பிறகு அவள் செய்ததை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். அவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர்கள், அவளுக்குத் துணை நின்றவர்கள் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பாதிப் பேரை நான் பார்த்ததுகூட இல்லை. துக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் தனி ஆள் என்ற நினைப்பு போய்விட்டது. காலையில் எழுந்திருக்கப் பிடித்தது. இருக்கட்டும், நீ சாகக் கிடந்த அன்று இரவு உங்கள் வீட்டில் சர்க்கரை இருந்ததா?

சீடன்: இல்லை. ரேஷன் சர்க்கரை மாதக் கடைசியில் ஏது? எதிர்வீட்டுப் பெரியம்மா டப்பாவோடு வந்தாராம். அவர் வீட்டிலும் மூன்று பிள்ளைகள்.

குரு: இருக்கிறாரா?

சீடன்: இருக்கிறார். காது சரியாகக் கேட்காது. நான் அந்தப் பக்கம் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது.

குரு: நோட்டு இங்கேயே இருக்கட்டும். உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு. இப்போது கிளம்பினால் பிடித்துவிடலாம்.