எல்லாருக்கும் என்னும் சொல்

கொடை செய்பவருக்குக் கடமை உண்டா? விலை கொடுத்து வாங்கிய பொருளில் குறை கண்டால் விற்றவரைக் கேட்கலாம். விலையின்றிக் கொடுத்தவரைக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? பழைமையான இக்கேள்வி இன்று கணிப்பொறி உலகில் புதிய வடிவில் எழுந்திருக்கிறது. அதைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம்.

பார்வையற்றோர் கணிப்பொறியைப் பயன்படுத்தத் துணைநிற்பது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். திரையிலுள்ள எழுத்தையும் பொத்தானையும் பட்டியலையும் அது பேச்சாக்கிச் செவிக்குத் தருகிறது. வேண்டுவோர்க்குப் பிரெயில் புள்ளிகளாக விரலுக்கும் தருகிறது. ஆயினும் அது கண்ணால் காண்பதன்று. நிரலை எழுதியவர், 'இது பொத்தான். இதன் பெயர் சேமி' என்று உள்ளே குறித்து வைத்திருந்தால்தான் அதனால் சொல்ல முடியும். குறிக்காமல் விட்டால், 'பொத்தான், பொத்தான்' என்று மட்டுமே வாசித்துச் செல்லும். அழிப்பது எது, அனுப்புவது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. பெயரிடுவது எழுதியவருக்குச் சிறிது நேர வேலை. அதை அவர் மறந்தால் மறுபுறம் இருப்பவருக்கு அன்றைய பணியே நின்றுவிடுகிறது.

விலைக்கு விற்கப்படும் திரைவாசிப்பான்கள் உண்டு. அவற்றின் விலையோ எளிய குடும்பத்து மாணவருக்கு எட்டாதது. எனவே, மூல நிரலை யாவரும் காணவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருள் அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. இக்கொடையைத் தொடங்கியவர்களுள் பார்வையற்றோரே முன்னின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. தம் 14ஆம் வயதில் பார்வையிழந்த டி. வி. இராமன், 1995-இல் 'ஈமாக்ஸ்பீக்' என்னும் பேசும் பணிச்சூழலை வெளியிட்டார். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இன்று உலகெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகளில் கட்டணமின்றிப் பேசுகிறது. பார்வையற்றோர் பெறுபவர், நாம் கொடுப்பவர் என்ற நம் எண்ணத்தை இவ்வரலாறு திருத்துகிறது.

லினக்ஸ் அமைப்பில் இப்பணியைச் செய்வது 'ஆர்கா'. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவான அது, 2010-இல் அந்நிறுவனம் கைமாறிய பிறகு, பெரும்பாலும் ஜோன்மேரி டிக்ஸ் என்னும் பெண்மணியின் உழைப்பால் தொடர்ந்தது. பலருடைய அன்றாட வாழ்வின் சுமையை ஒருவரே தாங்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் வேறொன்றும் நிகழ்ந்தது. லினக்ஸில் திரையை வரையும் பழைய முறையில், ஒரு நிரலில் தட்டச்சு செய்வதை மற்றொரு நிரல் ஒட்டுக்கேட்க இயலும். இக்குறையைக் களையும் பொருட்டு, 2008-இல் தொடங்கப்பட்ட 'வேலண்டு' என்னும் புதிய முறை ஒவ்வொரு நிரலையும் தனித்தனி அறையில் வைத்தாற்போல் பிரித்தது. நோக்கம் நல்லதே. ஆனால், பிற நிரல்களில் அழுத்தப்படும் விசைகளை அறியாமல் திரைவாசிப்பான் தன் பணியைச் செய்ய இயலாது. திருடனுக்கென்று அடைத்த கதவு வழித்துணைக்கும் அடைபட்டது. அதைச் சீராக்கும் பணி பல ஆண்டுகள் கழித்தே வேகம் பெற்றது. தீங்கு நினைத்தவர் எவருமில்லை. திட்டம் தீட்டிய வேளையில் இவர்களைப் போதிய அளவு நினைத்தவரும் இல்லை.

'ஊதியமின்றி உழைக்கிறோம், நிரல் திறந்தே கிடக்கிறது, குறை கண்டவர் திருத்திக்கொள்ளட்டும்' என்று தன்னார்வலர் சொல்லக்கூடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அவருக்கு நம் நன்றி உரியது, ஏச்சு உரியதன்று. ஆனால் திருத்துவதற்கு முதலில் கணிப்பொறி பேச வேண்டுமே! பேசாத கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவரிடம் 'நீரே திருத்திக்கொள்ளும்' என்பது, கிணற்றில் விழுந்தவரிடம் ஏணி மேலே இருக்கிறது என்பது போன்றது.

மேலும், ஒருவர் தம் வீட்டுக்கெனத் தோண்டிய கிணறு வேறு. ஊருக்கெனத் திறந்துவிட்ட கிணறு வேறு. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற லினக்ஸ் அமைப்பிலேயே நடைபெறுகிறது. இத்தகைய வகுப்பில் பார்வையற்ற குழந்தை ஒன்று அமர்ந்திருக்கையில், அந்த மென்பொருள் எவரோ ஒருவரின் தனிக் கொடையாக மட்டும் இருந்துவிட முடியுமா? 'எல்லாருக்கும்' என்று சொல்லிக் கொடுத்தவர், அச்சொல்லாலேயே ஒரு வாக்குறுதி அளித்திருக்கிறார். அவ்வாக்கை நிறைவேற்றும் சுமை அவருக்கு மட்டும் உரியதன்று. அக்கிணற்றில் நீர் மொள்ளும் அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் நமக்கும் உரியது.

அது இயலக்கூடியதே. 2013-இல் வெளிவந்த டெபியன் 7, நிறுவும்போதே பேசத் தொடங்கியது. துவக்கத்தில் எழும் ஒலியைக் கேட்டு, 'எஸ்' விசையையும் அடுத்து 'என்டர்' விசையையும் அழுத்தினால் போதும். பார்வையுள்ளவர் துணையின்றியே பார்வையற்றவர் தம் கணிப்பொறியை அமைத்துக்கொள்ளலாம். 2023-இல் ஜெர்மானிய அரசின் நிதியம் ஒன்று லினக்ஸின் 'நோம்' திட்டத்துக்குப் பத்து இலட்சம் யூரோ வழங்கியது. அதில் ஒரு பகுதி இத்தகைய அணுகல் பணிக்குச் சென்றது.

நிரல் எழுதத் தெரியாத நாம் என் செய்வது? நாம் அனுப்பும் அறிவிப்புகளை நினைத்துப் பார்ப்போம். சுற்றறிக்கையைப் படமாக எடுத்து அனுப்புகிறோம். அதிலுள்ள எழுத்து திரைவாசிப்பானுக்கு எளிதில் கிட்டுவதில்லை. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழோ அதன் வாயில் பொருளற்ற ஒலிகளாகிறது. இத்தனைக்கும் தமிழை வாசிக்கும் 'ஈஸ்பீக்' என்னும் கட்டற்ற குரல் நெடுநாளாய்க் கிடைத்து வருகிறது. குரல் இருந்தும் அது வாசிப்பதற்கு உரிய எழுத்தை நாம் தரவில்லை.

அடுத்த முறை 'அனைவருக்கும்' என்று தலைப்பிட்டு ஓர் அறிவிப்பை அனுப்பும் முன், அதை எழுத்தாகவே தந்திருக்கிறோமா, இணைத்த படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறோமா என்று பார்ப்போம். அதற்குச் செலவில்லை. மறுமுனையில் இருப்பவரை ஒரு கணம் நினைத்தால் போதும்.