நிழற்படமும் நிழலும்

2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு 9.57 மணிக்குப் புவியின் கருநிழல் முழுநிலவின் விளிம்பைத் தொட்டது. 11 மணி முதல் 12.22 வரை, ஏறத்தாழ 82 நிமிடங்கள், நிலவு முழுவதும் அந்நிழலுக்குள் அமிழ்ந்து செந்நிறம் பூண்டது. மறுநாள் அன்னை மரியாவின் பிறப்பு விழா. வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணியர் கூடும் இரவும் அதுவே. வானம் தெளிந்திருந்த கரைகளிலெல்லாம் கைகள் உயர்ந்தன; கைகளில் கைப்பேசிகளும் கேமராக்களும் இருந்தன.

இங்கே நாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வானாய்வு நிலையங்கள் நம்மினும் பன்மடங்கு தெளிவாக எடுக்கும் ஒரு படத்தை நாம் ஏன் எடுக்கிறோம்? ஓர் அழகைக் கண்டதும் அதைக் கைப்பற்றத் துடிக்கும் மனம், உண்மையில் அதைக் காண்கிறதா?

படம் எடுப்பவன் பார்ப்பதில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. கடற்கரையில் கிரகணத்தைப் படமெடுக்க முயன்றவர்கள் இதை அறிவார்கள். முக்காலியின் கால்கள் ஈரமணலில் மெல்ல இறங்கும். உப்புக்காற்று கண்ணாடி வில்லையில் படலமாய்ப் படியும். முழுநிலவுக்கு ஒரு நொடியில் இருநூற்றில் ஒரு பங்கு போதும். அதே நிலவு நிழலுக்குள் சென்றபின் பல நொடிகள் ஒளியை உள்ளே விட வேண்டியிருக்கும். அதற்குள் நிலவே நகர்ந்துவிடுகிறது. புவி சுழல்வதால் அது தன் விட்ட அளவுத் தொலைவை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடுகிறதன்றோ? நாம் நிற்கும் மண்ணே சுழல்கிறது என்பதைப் பாடநூலில் படித்த நமக்கு, அதைக் கண்ணால் உணர்த்துவது அந்தக் கலங்கிய படமே. பொறுமையோடு இப்படிக் காத்திருப்பவன் மற்றவரைக் காட்டிலும் கூடுதலாகவே பார்க்கிறான். ஆகவே குற்றம் கருவியிடம் இல்லை.

அப்படியானால் குறை எங்கே? தாத்தாவின் கையைப் பற்றியிருக்கும் பேரன், "நிலா ஏன் தாத்தா சிவந்து போச்சு?" என்று கேட்கிறான். "கொஞ்சம் இருடா, எடுத்துக்கிறேன்" என்பது விடையாகிறது. படம் எடுக்கப்பட்டு, தொலைவில் உள்ள நூறு பேருக்கு அனுப்பப்படுகிறது. அருகில் நின்றவனின் கேள்வியோ கடற்காற்றில் கரைந்துபோகிறது. இனி அவன் கேட்காமலும் போகலாம். இழப்பு என்பது இதுதான்.

இன்னொருவரையும் எண்ணிப் பார்ப்போம். படுக்கையை விட்டு எழ முடியாத தாய்க்குக் காட்டுவதற்கென்றே ஒரு மகள் படம் எடுக்கிறாள். கருவியும் காட்சியும் ஒன்றுதான். "நான் அங்கே இருந்தேன்" என்று சொல்ல எடுக்கப்படும் படமும், "நீயும் பார்" என்று கொடுக்க எடுக்கப்படும் படமும் ஒன்றாகுமா?

கிரகணத்தைப் பிறருக்குக் காட்டுவதிலும் அறம் உண்டு என்பதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான சான்று இருக்கிறது. 1504 பிப்ரவரி 29ஆம் நாள் கொலம்பஸ் ஜமைக்காத் தீவின் கரையில், பழுதடைந்த கப்பல்களுடன் சிக்கியிருந்தார். அத்தீவின் மக்கள் உணவு தருவதை நிறுத்தியிருந்தனர். ஐரோப்பிய வானியலார் கணித்த பஞ்சாங்கத்திலிருந்து அன்றிரவு சந்திர கிரகணம் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். கடவுள் சினங்கொண்டு நிலவை மறைக்கப் போகிறார் என்று அம்மக்களை அச்சுறுத்தினார்; அவர்கள் நடுங்கி மீண்டும் உணவு கொண்டுவந்தனர். அவருடைய கணக்கு சரியானதே. எனினும் அந்த அறிவு அறிவாகப் பகிரப்படவில்லை. கடவுளின் பெயரால் அச்சமாக மாற்றி விற்கப்பட்டது. அறிந்ததையும் கண்டதையும் நாம் பிறர்முன் எப்படி வைக்கிறோம் என்பதில்தான் நம் அறம் சோதிக்கப்படுகிறது.

தமிழில் நாம் 'நிழற்படம்' என்கிறோம். அச்சொல் வேறெதையும்விடக் கிரகணத்துக்கே பொருந்தும். நிலவின்மீது விழுவது நம் புவியின் நிழலன்றோ? அதன் விளிம்பு எப்போதும் வளைந்தே இருப்பதைக் கொண்டு, புவி உருண்டை என அரிஸ்டாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாதிட்டார். அந்நிழலில் நாட்டெல்லை தெரிவதில்லை. மாளிகையும் குடிசையும் பிரிந்து தெரிவதில்லை. நாமனைவரும் சேர்ந்து வீழ்த்தும் ஒரே நிழல் அது. கடற்கரையில் கருவியை உயர்த்தும் ஒவ்வொருவரும் அறியாமலே அருகில் நிற்பவரையும் சேர்த்துத்தான் படமெடுக்கிறார்.

அந்த நிழலுக்குள்ளும் நிலவு முற்றாக மறைந்துவிடுவதில்லை. புவியைச் சூழ்ந்த காற்று கதிரொளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது. நீலம் வழியில் சிதறிப்போகச் சிவப்பு மட்டும் எஞ்சிச் சென்று சேர்கிறது. அந்நேரத்தில் உலகின் விளிம்பெங்கும் நிகழும் விடியல்கள், அந்திகள் அனைத்தின் ஒளியும் சேர்ந்தே நிலவைச் சிவக்க வைக்கின்றன. பேரன் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும்.

2028 டிசம்பர் 31 இரவு 10 மணியை ஒட்டி மீண்டும் முழுச் சந்திர கிரகணம் நிகழவிருக்கிறது, தமிழகத்திலிருந்து காணலாம். புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும் முன் கடற்கரைக்குச் செல்வோர் செல்லட்டும். படம் எடுப்போர் எடுக்கட்டும். அருகில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிட்டு எடுப்போம். 82 நிமிடங்கள் இல்லாவிடினும் அன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலவு நிழலில் நிற்கும். இரண்டுக்கும் நேரம் உண்டு.